ஒரே பாட்டு, மூன்று இரவு: டீப் பர்ப்பிளின் ஜப்பான் பதிவுகள் ஏன் வேறுவேறாகக் கேட்கின்றன?

இங்கிலாந்தின் ராக் இசைக்குழுவான டீப் பர்ப்பிள் 1972 ஆகஸ்டில் ஜப்பானில் வாசித்த மூன்று இரவுகளின் முழுப் பதிவையும் காட்பாடி விடுதி அறையில் உட்கார்ந்து கேட்டு முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதே ஐந்து பேர், அதே பாட்டுகள், அடுத்தடுத்த நாட்கள். இருந்தும் ஒன்று நெஞ்சில் அறைகிறது, இன்னொன்று எங்கோ தூரத்தில் நடப்பதுபோல் இருக்கிறது, இதில் எந்த இரவு சிறந்தது என்று கேட்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். உங்களை உண்மையில் உறுத்துவது வேறொன்று என்று தோன்றுகிறது. காதில் விழும் இந்த வித்தியாசம் வாசித்தவர்களால் வந்ததா, பதிவு செய்தவர்களால் வந்ததா? இதற்கு வழி தெரிந்துவிட்டால் எது சிறந்தது என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஆகவே இதைப் பற்றியே அதிகம் பேசுகிறேன்.

வேலூரில் 30 வருடமாக மைக் செட்டும் மேடை ஒலியும் ஒலிப்பதிவும்தான் என் தொழில். அம்மன் திருவிழா, கட்சிக் கூட்டம், கல்லூரி விழா, கல்யாணக் கச்சேரி, தெருக்கூத்து எல்லாவற்றுக்கும், மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்ஸர் முன்னால் நின்றிருக்கிறேன். இந்த இசை என்னிடம் வந்த வழியும் இந்த ஊருக்கே உரியது. சிஎம்சி மருத்துவமனைக்கு வைத்தியம் பார்க்க வடகிழக்கிலிருந்து வருகிறவர்கள் மாதக்கணக்கில் லாட்ஜுகளில் தங்குவது உங்களுக்குத் தெரியும். நான் வேலை பழகிக்கொண்டிருந்த கடைக்கு, அம்மாவைச் சிகிச்சைக்கு அழைத்து வந்திருந்த ஐசால்காரர் ஒருவர் டேப் ரெக்கார்டர் ஹெட்டைச் சுத்தம் செய்ய வருவார். ஊர் திரும்பும் நாளில் 90 நிமிடக் கேசட் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதில் இருந்தது, இந்த மூன்று இரவுகளிலிருந்து தொகுத்த 'மேட் இன் ஜப்பான்' இசைத்தட்டு. அன்றிலிருந்து அந்த இசைத்தட்டை விட்டு நான் விலகியதே இல்லை.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். ஆகஸ்ட் 15, 16 இரண்டு நாளும் ஒசாகாவின் ஃபெஸ்டிவல் ஹாலில் கச்சேரி. 17ஆம் தேதி டோக்கியோவின் புடோகான் அரங்கில். பதிவு செய்தவர் மார்ட்டின் பர்ச், கருவி எட்டுத் தட டேப் இயந்திரம், அதாவது ஒரே டேப்பில் எட்டு ஒலிகளைத் தனித்தனியாகப் பிடிப்பது. இதிலிருந்து ஏழு பாட்டுகளைப் பொறுக்கி இரட்டை இசைத்தட்டாக 1972 டிசம்பரில் இங்கிலாந்தில் வெளியிட்டார்கள். 'ஹைவே ஸ்டார்', 'சைல்ட் இன் டைம்', 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்', 'ஸ்பேஸ் ட்ரக்கின்' நான்கும் 16ஆம் தேதி வாசித்தவை. 'தி ம்யூல்', 'லேஸி' இரண்டும் டோக்கியோவில் வாசித்தவை. 15ஆம் தேதியிலிருந்து எடுத்தது 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' ஒன்றுதான். மிக்ஸிங்குக்குப் போய் உட்கார்ந்தவர்கள் பேஸ் கிதார் வாசித்த ரோஜர் குளோவரும் டிரம்ஸ் வாசித்த இயன் பெய்ஸும் மட்டும். மற்ற மூவரும் அந்தப் பக்கமே போகவில்லை. 1993இல் மூன்று இரவுகளின் பெரும்பகுதி மூன்று தட்டுகளாக வந்தது, 2014இல் முழுவதும் வந்தது. நீங்கள் ஒரு தொடர்ச்சியான கச்சேரி என்று நினைத்துக் கேட்டு வளர்ந்த 'மேட் இன் ஜப்பான்', இரண்டு ஊர், மூன்று இரவுகளிலிருந்து தொடுத்த மாலை. முழு இரவைக் கேட்கும்போது உங்களுக்கு ஏற்படும் குழப்பத்தில் பாதி இங்கேயே தொடங்குகிறது.

இனி அரங்கம். ஒசாகா ஃபெஸ்டிவல் ஹால் 1958இல் இசைக்காகவே கட்டப்பட்டது, ஏறக்குறைய 2,700 இருக்கைகள். புடோகான் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் ஜூடோ போட்டிகளுக்காகக் கட்டிய எண்கோணக் கட்டடம், உள்ளே பத்தாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். இந்த ஒரு வித்தியாசத்தின் கனத்தை, காலையில் காலியாக இருக்கும் கல்யாண மண்டபத்தில் ஒருமுறை கை தட்டிப் பார்த்தவர்கள் உடனே உணர்வார்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். எதிர்ச் சுவர் 50 மீட்டர் தள்ளி இருந்தால், டிரம்மில் விழுந்த அடி போய்த் திரும்பி வர நொடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆகிவிடும். வேகமான பாட்டில் அதற்குள் அடுத்த அடி நெருங்கிவிடும். பழைய அடியின் நிழல் புதிய அடியின் மேல் கவிழும். நீங்கள் 'தூரத்தில் நடப்பதுபோல்' என்று எழுதியது பெரும்பாலும் இந்த நிழலைத்தான். குழுவினரே டோக்கியோ இரவின் ஒலி ஒசாகாவைவிடக் குறைவு என்று கருதினார்கள். ஆனால் அந்த இரவின் அனுபவத்தை மறக்க முடியாத ஒன்றாகச் சொன்னார்கள். பன்னிரண்டு, பதின்மூன்றாயிரம் பேர் 'சைல்ட் இன் டைம்' பாட்டைக் கூடவே பாடினார்கள் என்று ரோஜர் குளோவர் நினைவுகூர்ந்திருக்கிறார். வாசித்தவர்களுக்குப் பொன்னான இரவு, கேசட்டில் கேட்பவனுக்கு மங்கலாக இருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

அடுத்த விஷயம் மிக்ஸர். இதை என் அனுபவத்திலிருந்தே சொல்லவேண்டும். பல வருடங்களுக்கு முன் அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆடித் திருவிழா. அம்மனுக்குக் கரகம் ஜோடித்து, பம்பை உடுக்கையோடு வர்ணிப்புப் பாடினார்கள். பாடுகிறவருக்கு மட்டும் ஒரு மைக் வைத்திருந்தேன். பம்பைக்கு எதற்கு மைக், அது அடித்தால் அடுத்த ஊருக்கே கேட்கும். ஊரார் பதிவு கேட்டதால் மிக்ஸரிலிருந்தே லைன் எடுத்து டேப் ரெக்கார்டரில் போட்டேன். மறுநாள் காப்பி வாங்க வந்த பம்பைக்காரர் கடை வாசலில் நின்றபடியே கேட்டார். வர்ணிப்புக் குரல் கணீரென்று வருகிறது. பம்பை எங்கோ கிணற்றுக்குள் இருந்து தட்டுவதுபோல் மெலிதாக, அதுவும் பாடுகிறவரின் மைக்கில் தானாக விழுந்த அளவுக்கு மட்டும். "ராத்திரி பூரா நான் அடிச்சது எங்கய்யா?" என்றார். அவர் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அன்றிலிருந்து எந்தக் கிராமத்துக்குப் போனாலும் கூட்டத்துக்கு நடுவில் ஒரு மூங்கில் நட்டு அதன் தலையில் தனியாக ஒரு மைக் கட்டாமல் நான் பதிவு செய்வதில்லை.

ராக் கச்சேரியிலும் இதே கதைதான். 1970களில் கிதார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்கள் தாமே அரங்கத்தை நிரப்பும் பலம் கொண்டவை. ஜான் லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனையும் மார்ஷல் ஆம்ப் வழியாக முழங்க விட்டவர். மிக்ஸருக்குள் எவ்வளவு வருகிறது, வெளியே எவ்வளவு கேட்கிறது என்பது இரண்டு தனி உலகம். நீங்கள் இணையத்தில் கேட்கும் திருட்டுப் பதிவுகளில் மிக்ஸரிலிருந்து எடுத்தவை என்றால் குரல் காதுக்குள் இருக்கும், கிதார் ஒல்லியாக இருக்கும், கூட்டமே வராததுபோல் இருக்கும். ரசிகர் யாரோ சட்டைக்குள் மறைத்து எடுத்தவை என்றால் அரங்கமே உறுமும், குரல் மட்டும் சேற்றில் மாட்டியதுபோல் இருக்கும். இவற்றை வைத்து 'அன்று கிதார் சரியாக வாசிக்கவில்லை' என்று தீர்ப்பு எழுதுவது, அந்த டேப்பைக் கேட்டுப் பம்பைக்காரர் தூங்கிவிட்டார் என்று சொல்வதுபோல. ஜப்பான் பதிவின் சிறப்பு, ஒவ்வொரு கருவிக்கும் மைக் வைத்துத் தனித்தனித் தடங்களில் பிடித்தது. பிறகு ஆற அமர உட்கார்ந்து கலக்கினார்கள். ஆர்கனை ஒரு காதிலும் கிதாரை மறு காதிலும் பிரித்து வைத்திருப்பதால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நிற்கின்றன. தடம் எட்டுதான் என்பதையும் மறக்கக்கூடாது. இன்று டிரம்ஸுக்கு மட்டும் நான் எட்டு மைக் வைக்கிறேன். எட்டுத் தடத்தில் ஐந்து பேரும் கூட்டமும் அடங்கவேண்டும் என்றால் சில மைக்குகளை அந்த இடத்திலேயே சேர்த்துத்தான் பதிவு செய்யவேண்டும். அப்படிச் சேர்த்ததை எந்தக் காலத்திலும் பிரித்து எடுப்பது பெரும்பாடு. 16ஆம் தேதிப் பதிவில் டிரம்ஸ் அத்தனை தெளிவாக நிற்பதைக் கேட்கும்போது மார்ட்டின் பர்ச்சின் கைக்கு நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போடுவேன்.

வாசிப்புக்கு வருகிறேன். இந்தக் குழு ஒரு பாட்டை இரண்டு முறை ஒரே மாதிரி வாசிக்காது. 'ஸ்பேஸ் ட்ரக்கின்' ஸ்டூடியோவில் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்த பாட்டு, ஒசாகாவில் ஏறக்குறைய 20 நிமிடம், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க அதுவே. நம் வட ஆற்காட்டுக் கூத்து பார்த்திருந்தால் இது புதிதாக இருக்காது. அதே ஜமா, அதே பதினெட்டாம் போர். ஒரு ஊரில் ஜனம் விடிய விடிய விழித்திருந்தால் துரியோதனன் வேஷக்காரர் ஒரு விருத்தத்தை அரை மணி நேரம் இழுப்பார். இன்னொரு ஊரில் பாதிப் பேர் பாயில் சாய்ந்துவிட்டால் பத்து நிமிடத்தில் முடித்துக் கட்டியங்காரனிடம் விட்டுவிடுவார். எழுதி வைத்திருப்பது எலும்பு மட்டும், சதை அன்றைய ராத்திரியில் சேருவது. ஆகவே கற்பனைப் பகுதிகளில் நீங்கள் கேட்கும் வித்தியாசம் உறுதியாக வாசித்தவர்களுடையது. எந்த மிக்ஸரும் அதை உண்டாக்க முடியாது. 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' நடுவில் ரிச்சி பிளாக்மோரின் கிதாரும் இயன் கில்லனின் குரலும் கேள்வி பதிலாக மோதிக்கொள்ளும் இடத்தை மூன்று இரவிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நாதஸ்வரமும் தவிலும் சவாலுக்குச் சவால் விட்டுக்கொள்வதுபோல, இவர் ஒரு துண்டு போட அவர் அதைத் தொண்டையில் திருப்பிக் கொடுக்கிறார், கடைசியில் அந்த நீண்ட அலறல். இங்கே அரங்கத்தை மறந்துவிட்டு, யார் யாருக்கு வழி விடுகிறார், யார் மறித்து நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள். பெய்ஸின் தனி ஆவர்த்தனமான 'தி ம்யூல்' பாட்டையும் இதே மாதிரி கேட்கலாம்.

'ஸ்மோக் ஆன் த வாட்டர்' ஏன் 15ஆம் தேதியிலிருந்து வந்தது? ஸ்டூடியோப் பதிவில் இருக்கும் அதே தொடக்கத்தைப் பிளாக்மோர் அன்றைக்கு மட்டும்தான் அப்படியே வாசித்தார், அதனால் எடுத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். கேட்டால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. தேர்ந்தெடுத்தவர்களின் மனதில் இதுதான் இருந்தது என்று ஆணையிட்டுச் சொல்ல மாட்டேன். அதேபோல, இந்த இசைத்தட்டில் பிறகு ஸ்டூடியோவில் எதையும் திருத்தி ஒட்டவில்லை என்று குழுவினர் சொல்லி வந்திருக்கிறார்கள். என் காதும் அதை ஒப்புக்கொள்கிறது. மேடையில் பாடும் மைக்கில் டிரம்ஸ் கசியும். பிறகு தனியாகப் பாடி ஒட்டினால், குரல் வரும் இடங்களில் அந்தக் கசிவின் நிறம் மாறும். இங்கே எனக்கு அப்படி ஓர் இடமும் அகப்படவில்லை. எல்லாக் குழுவின் கச்சேரித் தட்டும் அப்படியல்ல. தின் லிஸ்ஸி குழுவின் 1978 கச்சேரி இசைத்தட்டில் முக்கால் பங்கு ஸ்டூடியோ வேலை என்று அதைத் தயாரித்த டோனி விஸ்கோன்டி சொல்ல, இல்லை, பெரும்பாலும் மேடையில் வாசித்ததுதான் என்று குழுத் தரப்பு மறுத்த சர்ச்சை இன்றுவரை தீரவில்லை.

நான்காவது காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை, அது கையில் இருக்கும் காப்பி. அந்த ஐசால்காரர் கொடுத்த கேசட்டை நான் நான்கு வருடம் ஒரே பிளேயரில் கேட்டேன். பிறகு சிடியில் கேட்டபோது பாட்டெல்லாம் கொஞ்சம் மேல் சுருதியில், அவசரமாக ஓடுவதுபோல் இருந்தது. சிடியில்தான் கோளாறு என்று உறுதியாக நம்பினேன். கடைசியில் கைக்கடிகாரத்தை வைத்து நேரம் பார்த்தேன். 19 நிமிடம் 54 நொடி ஓடவேண்டிய பாட்டு என் பிளேயரில் 20 நிமிடம் 30 நொடியைத் தாண்டியது. பெல்ட் தளர்ந்து மூன்று சதவீதம் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மூன்று சதவீதம் என்றால் கிதாரில் அரைக் கட்டைக்குப் பாதி. நான்கு வருடமும் இல்லாத ஒரு கச்சேரியைக் கேட்டு, அதையே அசல் என்று மனதில் பதித்திருக்கிறேன். ஆகவே ஒரே இரவின் இரண்டு பதிப்புகள் வேறுவேறு மாதிரி இருந்தால், முதலில் பாட்டின் நீளத்தைப் பாருங்கள். ஒரே வாசிப்பு, நீளம் மட்டும் பத்து இருபது நொடி மாறுகிறது என்றால் டேப்பின் வேகம் மாறியிருக்கிறது. முன்னும் பின்னும் கைதட்டலை வெட்டியிருக்கலாம் என்பதால் முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை அளக்கவேண்டும்.

காப்பிகளில் இன்னொரு கண்ணி சத்தம். இரண்டு பதிவில் ஒன்று கொஞ்சமே கொஞ்சம் உரக்க இருந்தாலும் காது அதைத்தான் 'நல்லது' என்று சொல்லும், 'உரக்க இருக்கிறது' என்று சொல்லாது. சத்தம் குறைந்தால் நம் காதுக்குக் கீழ் சுருதிகள் மற்றதைவிட அதிகமாகக் குறைந்துபோகும். 1933இலேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டிவிட்டார்கள். புதிதாகச் செப்பனிட்டு வெளியிடும் பதிப்புகள் பெரும்பாலும் பழையவற்றைவிட உரக்கத்தான் இருக்கும். உங்கள் நண்பர் புதிய பதிப்பில் பேஸ் நன்றாக இருக்கிறது என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்களே, அவரிடம் சத்தத்தைச் சமப்படுத்திக் கேட்டாரா என்று கேளுங்கள். எளிய வழி, இரண்டிலும் கில்லனின் குரல் ஒரே அளவில் இருக்கும்படி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அறைத் தோழர் மாற்றி மாற்றிப் போட நீங்கள் எது எது என்று தெரியாமல் கேட்பது. எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பாதி வாழ்க்கை போயிற்று. சிம்பலின் மேல் நுனிச் சிலுசிலுப்பை என் காது முன்போல் பிடிப்பதில்லை. அந்த விஷயத்தில் உங்கள் காதை நம்புங்கள், என்னுடையதை வேண்டாம்.

ஜப்பானுக்கு வெளியே என்ன கேட்கலாம் என்றும் கேட்டீர்கள். 1970 நவம்பர் 12 ஸ்டாக்ஹோம் பதிவு, இதே ஐவர் இன்னும் கட்டுக்கடங்காமல் இருந்த காலம். 1972 மார்ச் 9 பிபிசி பதிவு லண்டனில் சிறிய அரங்கில் எடுத்தது. 'மெஷின் ஹெட்' என்ற அவர்கள் ஸ்டூடியோ இசைத்தட்டின் பாட்டுகள் அப்போதுதான் புதிது, ஐந்து மாதத்தில் ஒசாகாவில் அவை எப்படி முற்றிவிட்டன என்று பார்க்கலாம். 1975 டிசம்பர் 15 பதிவை மட்டும் யோசித்துக் கேளுங்கள். அதே புடோகான், ஆனால் ஆட்கள் மாறிவிட்டார்கள். புதிதாக வந்த கிதார்காரர் டாமி போலினுக்கு அன்று இடது கை மரத்துப்போய் விரல்கள் சரியாக ஓடவில்லை, ஜான் லார்ட்டின் ஆர்கன்தான் பல இடங்களில் தாங்கிப் பிடித்தது. அரங்கத்தின் மேலும் மிக்ஸரின் மேலும் பழி போட முடியாத இரவு அது. வாசிப்பில் விழும் குறை எப்படிக் கேட்கும் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.

உங்கள் நேர்க்கேள்விக்கு என் பதில்: போனில் ஒரே ஒரு இரவுக்குத்தான் இடம் என்றால் 16ஆம் தேதி ஒசாகாவை வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்பு, அரங்கம், பதிவு மூன்றும் அன்று ஒன்றாகக் கூடி வந்தன. டோக்கியோ இரவை ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு ஒதுக்காதீர்கள். ஹெட்ஃபோன் அந்த எதிரொலியை மண்டைக்குள் கொண்டுவந்து அடைக்கும். விடுதியில் யாரிடமாவது இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கர் இருந்தால் வாங்கி, சுவரை விட்டு மூன்றடி தள்ளி வைத்து, அறையின் மறுகோடியில் உட்கார்ந்து 'லேஸி' பாட்டைப் போடுங்கள். அங்கேயிருந்து கேட்டால் பதின்மூன்றாயிரம் பேர் மூச்சு விடும் இடம் அது என்று தெரியும்.